திண்ணைப் பயிற்சி

மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் பகலில் ஆள் இருக்காது. எங்கள் நாய் ஜிம்மி ஊளையிட்டே தெருவைக் கூட்டுகிறது. என்ன செய்ய?
– வாசகி, திருவையாறு

அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்று தெரிந்திருந்தும், தண்ணீர் தள்ளிப்போகிற வருடம் கடைமடை விவசாயி போடாத கூச்சலா? முன்னறிவிப்பே கிடைக்காத ஜிம்மி மட்டும் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டுமாக்கும்!

நாற்று வளர்கிற நாட்களிலேயே பழக்குங்கள். செருப்பை மாட்டி, மண்வெட்டியைத் தூக்கி, எங்கும் போகாமல் திண்ணையில் உட்காருங்கள். அப்புறம் ஐந்து நிமிடம், கால் மணி, ஒரு மணி என்று முறைவைத்து விலகுங்கள். கதவைப் பிறாண்டினால் அடிக்காதீர்கள். அது பயம், பழிவாங்கல் அல்ல. மண்வெட்டியோடு திண்ணையில் சும்மா உட்காருவதில் உங்கள் வீட்டுக்காரருக்கு முன்அனுபவம் இருந்தால், பயிற்சியை அவரிடமே விட்டுவிடலாம்.