அளவெடுத்துப் போடு, ராசா

வா ராசா, வா. பசியாறிட்டியா? பாலத்தத் தாண்டி, செம்பனைக் காட்டத் தாண்டி, இந்தக் கேரி தீவுக் கிழவியப் பார்க்கணும்னு வந்திருக்கியே, நல்லா இருப்பே. அது சரி, காடியோட பின்கதவு ஏன் மூட மாட்டேங்குது? துணியா? ரெண்டு நாள் தங்கறதுக்கு ஒன்பது சட்டையா? ஆள் பாதி ஆடை பாதின்னு கேள்விப்பட்டிருக்கேன். உன் காடியில ஆள் கால், ஆடை முக்கால். பிரிக்ஃபீல்ட்ஸ்ல பார்க்கற வேலைய விட்டுட்டு ஜவுளி யாவாரத்துல இறங்கிட்டியோன்னு ஒரு நிமிசம் பயந்தே போயிட்டேன்.

இவ்வளவையும் போன்லயே வாங்கினியா? பதினொன்னாம் மாசம் பதினொன்னாந்தேதி மலிவு விற்பனையிலயா? நல்ல நாளாப் பார்த்துத்தான் வாங்கியிருக்கே. நாங்கெல்லாம் துணி எடுக்கப் பஞ்சாங்கம் பார்த்தோம், நீ போன் பார்க்கறே. அவ்வளவுதான் வித்தியாசம்.

“10 வெள்ளிதான் பாட்டி”ன்னு பெருமையா சொல்றே. நீ குடியிருக்கற பிரிக்ஃபீல்ட்ஸ்ல பெரிய சாலைக்கு யார் பேரு வச்சிருக்காங்க? துன் சம்பந்தன். அந்த மனுசனும் 10 வெள்ளியத்தான் நம்பினாரு. தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டு வெள்ளைக்காரன் கப்பலேறின காலம் அது. 1960ல அவரு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்னு ஒண்ணு தொடங்கினாரு. தோட்டத் தொழிலாளிக்கிட்ட 10 வெள்ளி 10 வெள்ளியாச் சேர்த்தாங்க. அந்தக் காசுல தோட்டமே வாங்கினாங்க. அன்னைக்கு 10 வெள்ளி சேர்ந்து நிலமாச்சு. இன்னைக்கு உன் 10 வெள்ளி ரெண்டு துவைப்புல கழுத்து தொங்கற பனியனாச்சு. காலம் முன்னேறிடுச்சு ராசா, நான் ஒத்துக்கறேன்.

கணக்கு நான் போடறேன், நீ படிச்சவன், சரிபாரு. 10 வெள்ளிப் பனியன மூணு தடவை போட்டுட்டுத் தரை துடைக்கக் கொடுத்தா, ஒரு தடவைக்கு 3 வெள்ளி 33 சென். 120 வெள்ளிக்குத் துணி எடுத்து, கூலி கொடுத்து, உன் உடம்புக்குத் தச்ச சட்டைய 200 தடவை போட்டா ஒரு தடவைக்கு 60 சென். இதுல ஊதாரி யாரு, சிக்கனக்காரன் யாரு? எனக்குத் தெரியாதுப்பா, நான் பால் மரம் வெட்டினவ.

எங்க தோட்டத்து லயத்துல தீபாவளின்னா ஒரே பீஸ்தான். அப்பாவுக்குச் சட்டை, எனக்குப் பாவாடை, தம்பிக்கு நிக்கர், மிச்சத்துல தலையணை உறை. சன்னலுக்கும் அதே துணிய மாட்டிட்டா, எது திரை, எது பிள்ளைன்னு தெரியாது. உங்கப்பன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். ஆனா நீ போன்ல காட்டின படத்துல, லண்டன்ல ஒருத்தன், சோல்ல ஒருத்தன், உன் ஆபீசுல நாலு பேரு, எல்லாரும் அதே கறுப்புப் பனியன்தானே? நாங்க ஒரு வீட்டுக்குத்தான் ஒரே பீஸ். நீங்க உலகத்துக்கே ஒரே பீஸ் எடுத்துட்டீங்க.

எங்கம்மா இன்னும் மோசமான தீபாவளி பார்த்தவ. ஜப்பான்காரன் ஆண்ட 1942லேருந்து 1945 வரைக்கும் துணிக்கு அவ்வளவு பஞ்சம். அரிசிச் சாக்கைக் கிழிச்சு இடுப்புல சுத்திக்கிட்டு வேலைக்குப் போன கதைய அவ சொல்லிக் கேட்டிருக்கேன். இப்பப் பாரு கூத்த. அன்னைக்கு ஜப்பான்காரனால சட்டையில்லாமப் போனோம். இன்னைக்கு அவன் கழட்டிப் போட்ட சட்டை மூட்டை மூட்டையா கிள்ளான் துறைமுகத்துல வந்து இறங்குது. பண்டல் கடையில தொங்குது. ‘ஜாலான் ஜாலான் ஜப்பான்’னு பேரே வச்சு பெரிய பெரிய கடை நடத்தறாங்க. கடன் திரும்ப வருதுன்னு நினைச்சுப் போய் எடுத்துக்கோ, வெக்கப்படாதே.

ஆனா பண்டல் கடைக்குள்ள போற முறைன்னு ஒண்ணு இருக்கு. கேளு. முதல்ல சட்டையோட முகத்தப் பார்க்காதே, உள்பக்கத்தத் திருப்பு. பொண்ணு பார்க்கப் போனா அடுப்படியப் பார்க்கச் சொல்லுவாங்களே, அது மாதிரி. தையல் நெருக்கமா, நூல் தொங்காம இருக்கணும். ஓரத்துல கொஞ்சம் துணி விட்டுத் தச்சிருக்கணும். அப்பத்தான் நீ நாசி லெமாக் தின்னு பெருத்தாலும் பிரிச்சு விட முடியும். இப்ப வர்ற மலிவுச் சட்டையில அந்த ஓரம் நகக்கண் அளவுகூட இல்ல. அடுத்தாப்புல காலரையும் அக்குளையும் பாரு, வேர்வைக் கறை அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஜிப்ப ரெண்டு தடவை ஏத்தி இறக்கு. கடைசியா தோள். நீளத்தக் குறைக்கலாம், இடுப்பப் பிடிக்கலாம், கையை மடிக்கலாம். தோள் மட்டும் சேரலைன்னா அங்கேயே மாட்டிட்டு வந்துடு. தோள மாத்தறதுக்குப் புதுசாவே தச்சுடலாம்னு எந்த டெய்லரும் சொல்லுவாரு.

துணி பருத்தியா, பாலியஸ்டரான்னு சந்தேகமா? கடையில தீக்குச்சி கிழிச்சிடாதே, போலீஸ் வரும். வீட்டுக்கு வந்து ஓரத்துல ஒரு நூலை உருவிப் பத்த வை. பருத்தி காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாப் போயிடும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியா மணியாகும். அதுவும் பெட்ரோல் எண்ணெயோட பிள்ளைதானே, உன் காடிக்கு உறவு. அதைப் போட்டுக்கிட்டு இந்தக் கிள்ளான் வெயில்ல நடந்தா, அவிக்கற இட்லிக்கும் உனக்கும் வித்தியாசமில்ல.

“பாட்டி, ஃபேஷன் சீக்கிரம் மாறுது, நான் என்ன பண்ண?”ன்னு கேட்கறியா? இந்தத் தீவுலயே உன்னைவிட வேகமான ஃபேஷன்காரங்க இருக்காங்க. சுங்கை பும்புன் கம்பத்துல மா மெரி பூர்வகுடி மக்கள் ஹரி மோயாங் அன்னைக்கு முன்னோரக் கும்பிட்டு முகமூடி போட்டு ஆடுவாங்க பாரு. தலைக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் ஓலை கிழிச்சுப் பின்னின அலங்காரம். ஆட்டம் முடிஞ்சா அதோட வேலையும் முடிஞ்சது. மறுபடி சேத்துக்கே போயிடும். அவங்க ஓலைய மண்ணு தின்னும். உன் பாலியஸ்டர மண்ணு மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் படுத்துக்கும். சீக்கிரம் மாறணும்னா ஓலையக் கட்டு. ரொம்ப நாள் உழைக்கற பிலாஸ்டிக்க வாங்கி மூணு நாள்ல தூக்கிப் போடற புத்திய உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?

தூக்கிப் போட்டா எங்கயோ போயிடும்னு நினைக்கறே. அந்த ‘எங்கயோ’வுக்கும் பேரு இருக்கு. சிலி நாட்டுல அட்டகாமா பாலைவனத்துல பழந்துணி மலையாக் கிடக்கு. துணி பொறக்கற இடத்துக்கும் பேரு இருக்கு. நம்ம தாத்தன் பூமிப் பக்கம் திருப்பூர். அங்க சாயத்தண்ணி போய் நொய்யல் ஆறு செத்து, 2011 ஜனவரியில கோர்ட்டே சாயப்பட்டறைகள மூடச் சொல்லுச்சு.

இன்னொரு பேரும் சொல்றேன். இதுல மட்டும் கேலி இல்ல. பங்களாதேஷ்ல டாக்கா பக்கம் ரானா பிளாசான்னு எட்டு மாடிக் கட்டடம். முதநாளே சுவரு விரிசல் விட்டுச்சு. கீழே இருந்த பேங்க்கு ஆளுங்கள அனுப்பிடுச்சு. மேல சட்டை தச்ச பொம்பளைங்கள மறுநாள் வேலைக்கு ஏறச் சொன்னாங்க, இல்லன்னா சம்பளம் போகும்னு மிரட்டி. 2013 ஏப்ரல் 24ந்தேதி கட்டடம் உட்கார்ந்துடுச்சு. 1,134 உயிர். தோட்டத்துத் தண்டலோட அதட்டலுக்குப் பயந்து, காய்ச்சலோட பால் வெட்டப் போனவ நான். அந்தப் பிள்ளைங்க ஏன் படியேறுச்சுங்கன்னு எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. சட்டை 10 வெள்ளின்னா மிச்சத்த யாரோ கட்டியிருக்காங்க ராசா. அவ்வளவுதான்.

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாதே, பனியன் கழுத்து தொங்கறது போதும். நான் துறவியாகச் சொல்லல. மினுக்கிக்கிட்டே இரு. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போ, நல்ல பருத்தியா ரெண்டு துண்டு எடு. வெள்ளை ஒண்ணு, உன் நிறத்துக்குப் பொருந்தற நீலம் ஒண்ணு. தச்ச சட்டை ரெண்டு, நல்ல கால்சட்டை ரெண்டு, கல்யாணத்துக்கு வேட்டி, விருந்துக்கு உங்க தாத்தாவோட பாத்தேக் சட்டை ஒண்ணு. அலமாரியில இருக்கறத முதல்ல எண்ணு, அப்புறம் கடைப்பக்கம் போ. துவைக்கும்போது உள்பக்கம் திருப்பி, நிழல்ல காயப் போடு. பட்டன் அறுந்தா நீயே தை. லட்சக்கணக்குல கம்ப்யூட்டர்ல வரி எழுதறவனுக்கு நாலு ஓட்டைப் பட்டன் பெரிய வித்தையா?

அழகுங்கறது அளவுலதான் இருக்கு. உடம்புக்கு ஒரு அளவு, வாங்கறதுக்கு ஒரு அளவு. முதல் அளவு தெரிஞ்சவனுக்கு ரெண்டாவது தானா வரும்.

கிட்ட வா, நாடாவ எடுக்கறேன். மூச்ச உள்ள இழுக்காதே, நாடாவ ஏமாத்த முடியாது. போன தீபாவளிக்கு 34, இப்ப 38! அதான் எல்லாக் கால்சட்டையிலயும் இலாஸ்டிக் வச்சு வாங்கியிருக்கியா? ரப்பர் வெட்டின வம்சம், ரப்பர இடுப்புலயே கட்டிக்கிட்டு அலையுது.

இதுக்கு என்கிட்ட தையல் இல்ல ராசா. பின்னால உங்க தாத்தாவோட சைக்கிள் நிக்குது, காத்து மட்டும் அடிக்கணும். 1941ல ஆர். எச். நாதன் தலைமையில நடந்த வேலைநிறுத்தத்துல கிள்ளான் தோட்டக்காரங்க கேட்ட உரிமையில சைக்கிள் ஓட்டறதும் ஒண்ணு. துரை எதிர்ல வந்தாலும் சைக்கிள விட்டு இறங்க மாட்டோம்னு நின்னாங்க. அவங்க போராடிக் கேட்ட உரிமைய நீ காடியில உட்கார்ந்தே தூங்க வச்சுட்டே. எடுத்து மிதி. பாலம் வரைக்கும் போயிட்டு வா, எந்தத் துரையும் இறங்கச் சொல்ல மாட்டான். வந்ததும் மறுபடி அளவெடுக்கறேன். அதுவரைக்கும் துணிக்குக் காசு செலவு பண்ணாதே.