கானமயில் தரிசனம்

ஜெய்சல்மேர் புல்வெளியில், விடியுமுன் ஒரு ஜீப்பில் ஆறு பேர், ஒன்பது கேமரா. "ஒரு மீட்டர் உயரம், 15 கிலோ கனம்னு போட்டிருக்கு. இத்தனை பெரிய பறவை எங்கே சார் ஒளிஞ்சுக்கும்?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். மிச்சமிருப்பதே சுமார் 150. அது ஏன் மெனக்கெட்டு ஒளிய வேண்டும்?

1963இல் தேசியப் பறவைப் பட்டத்தை மயிலிடம் கோட்டைவிட்டது இந்தக் கானமயில்தான். பறவையியலாளர் சாலிம் அலியே சிபாரிசு செய்தும் வேலைக்காகவில்லை. சிபாரிசு பலிக்காத ஒரே இந்திய நியமனம் இதுவாகத்தான் இருக்கும்.

கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை மட்டு. மின்கம்பியில் மோதிச் செத்துப்போகிறது. அதில் ஓடுவது பூமியைக் காப்பாற்றும் சூரிய மின்சாரம், காற்றாலை மின்சாரம். கம்பியை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2021இல். 2024இல் உத்தரவையே தளர்த்திக்கொண்டது.

மூன்று மணி நேரம் புழுதி தின்றபின் வழிகாட்டி கையை நீட்டினார். ஒன்பது கேமராவும் படபடத்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வெள்ளைக் கழுத்து, கறுப்புக் கொண்டை, தலைக்கு மேல் குறுக்கே மூன்று கம்பி.

"கவலைப்படாதீங்க சாப், கம்பியை எடிட்டிங்கில் எடுத்துடலாம்" என்றார் வழிகாட்டி.