சோளகத்தைக் கேட்டீரோ, மருமோனே?

வாரும் மருமோனே, இரும். கொட்டாஞ்சேனையில லேத் போட்டிட்டீராம், வெள்ளவத்தை முழுக்க அதுதான் கதை. மெசினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைச்சு, தேசிக்காயும் வெட்டினதாம். ஒரு குறையும் இல்லை. அதில என்னத்தைக் கடையிறது எண்டுதான் இன்னும் யோசிக்கேல்லையாம். அது சின்ன விசயம்தானே!

பழைய சோனகத் தெருவில கடைக்காரர் "என்ன இரும்பு வேணும்?" எண்டு கேட்க, "மலிவானதாப் பாத்துத் தாங்கோ" எண்டீராம். அந்த மனுசன் உம்மைக் கண்டு எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்! 25 மில்லிமீற்றர் கறுப்புக் கம்பியில 25 மில்லிமீற்றர் ஷாஃப்ட் கடையப் போறீராம். மேல கிடக்கிற செதிளைச் சீவின பிறகு மிச்சத்துக்கு எங்க போவீர்? 28 வாங்கும். ஒரு கணக்கும் வைச்சிரும்: விட்டத்தை அதாலேயே பெருக்கி 162ஆல பிரிச்சால், மீற்றருக்கு எத்தினை கிலோ எண்டு வரும். 28க்கு 4.84. தராசு அதுக்கு மிஞ்சிக் கனக்கச் சொன்னால், வருத்தம் தராசுக்குத்தான்.

பிறகு பஞ்சிகாவத்தைக்கும் போய், கழிச்ச லொறியின்ர வில்லுத் தகட்டைத் தோளில போட்டுக்கொண்டு வந்தீராம். நல்ல உருக்கு, ஆர் இல்லையெண்டது? ஆனால் வாங்க முந்தி ஒரு அரத்தால இழுத்துப் பாத்திருக்கலாம். அரம் கடிச்சால் உம்மட கத்தியும் கடிக்கும். வழுக்கினால் கும்பிட்டு வைச்சிட்டு வாறதுதான் மரியாதை. கிரைண்டர் இருந்தால் பொறியைப் பாரும். நீட்டுக்குப் பாய்ஞ்சு, பெரிசா வெடிக்காமல் அடங்கினால் மைல்ட் ஸ்டீல். கிளை விட்டுப் பூத்து வெடிச்சால் காபன் கூட. கட்டையாச் சிவந்து விழுந்தால் வார்ப்பிரும்பு. கட்டடக்காரர் எறிஞ்ச முறுக்குக் கம்பியை மட்டும் லேத்துக்குக் கிட்டக் கொண்டு போகாதையும். ஒரு இடம் வெண்ணெய், அடுத்த இடம் கல்லு.

மாமிக்கு இடியப்ப உரல் செய்து தரப் போறீராம், பித்தளையில. பாசம் தெரியுது. கடையச் சுகமான பித்தளைக்குள்ள நூற்றுக்கு மூண்டு பங்கு போலக் காரீயம் இருக்கும். துருவல் பொலபொலவெண்டு உதிருறது அதாலதான். மாமியோட கோபமெண்டால் நேர சொல்லும், மாவுக்குள்ள காரீயம் வேண்டாம். 304 ஸ்டெயின்லெஸ் எடும். கூரான கத்தியை வைச்சு, உரஞ்ச விடாமல் அழுத்திக் கடையும். உரஞ்சினால் அது இறுகிப்போய் உமக்கே முறைக்கும்.

இனி பெரிய பகிடி. மரைன் ட்ரைவ் பக்கத்து பால்கனிக் கேட்டுக்குப் பிணைச்சல் ஆணி, மைல்ட் ஸ்டீலிலயாம்! ஆயிரம் வருசத்துக்கு முந்தி சமனலவெவ மலைச்சரிவில மேற்குப் பாத்து உலை கட்டி, துருத்தி இல்லாமல் இந்தச் சோளகக் காத்தையே ஊதவிட்டு உருக்கு எடுத்தவை. ஜில் ஜூலெஃப் எண்ட தொல்லியல்காரி அதைச் செய்தும் பாத்து, 1996 இல 'நேச்சர்' சஞ்சிகையில எழுதினவ. அவை காத்தைக் கேட்டு உலையை வைச்சவை. நீர் அதே காத்து உப்பையும் அள்ளிக்கொண்டு வாற இடத்தில வெறும் இரும்பை வைக்கிறீர். எண்ணெய் பூசினால் போதுமெண்டு சொல்லாதையும், எண்ணெய்ப் போத்தலோட அங்க ஆர் குடியிருக்கிறது?

304கூட அந்த உப்புக்குப் புள்ளி புள்ளியாய் அரிபடும். ரெண்டு வீதம் மொலிப்டினம் சேர்ந்த 316 தாக்குப்பிடிக்கும். காந்தம் ரெண்டையும் பிரிச்சுக் காட்டாது, அதால தெரிஞ்ச கடையில பில்லோட வாங்கும். ஸ்டெயின்லெஸ் ஆணியை ஸ்டெயின்லெஸ் துளைக்குள்ள விட்டால் ரெண்டும் கடிச்சுப் பிடிச்சுக்கொள்ளும், நடுவில ஒரு வெண்கலப் புஷ் போடும்.

உமக்குப் புத்தி இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். சீதனத்துக்கு பிளற் தாறமெண்டு சொன்னவுடன எந்தத் தளம், எந்தப் பக்கம் யன்னல், கடல் எவ்வளவு கிட்ட எண்டெல்லாம் அளந்து பாத்துத்தானே தலையாட்டினீர்? அந்த விசாரணையில பாதியை இரும்புக்கும் நடத்தும். அதுக்குச் சீதனம் கிடையாது, அது எனக்கும் விளங்குது.