கேள்வி இங்கே… பதில் எங்கே?

கே: அண்ணாச்சி, நம்ம பக்கம் உலகப்போர்க் கால விமானதளம் ஏதாவது உண்டா? (கொட்டாரம்)

ப: நெல்லையைத் தாண்டிக் கயத்தாறு வரை போக வேண்டும். 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட அதே ஊரில்தான், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து வெள்ளைக்காரன் ஓடுபாதை போட்டான். மணிமண்டபம் பார்க்கப் போகிறவர்கள் இதை விசாரிப்பதே இல்லை!

கே: சண்டை ஹிட்லரோடு. தமிழ்நாட்டில் எதற்கு ஓடுபாதை? (சுசீந்திரம்)

ப: ஜப்பான்காரனை மறந்துவிட்டீர்களே! 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9-ந்தேதி திருகோணமலை. மதராஸில் சர்க்கார் ஆபீஸ்களே மூட்டை கட்டின.

கே: போர் முடிந்ததும் அப்படி அவசரமாகப் போட்ட ஓடுபாதைகளெல்லாம் என்ன ஆயின? (தோவாளை)

ப: ஆளுக்கொரு தலையெழுத்து. சோழவரத்தில் கார் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் வரும்வரை பந்தயப் பிரியர்களுக்கு அதுதான் கோயில். பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுதுபார்த்த சூலூரில் இன்று தேஜஸ். தஞ்சாவூருக்கு 2020-ல் சுகோய் வந்தது. அரக்கோணம் 1992-ல் ஐ.என்.எஸ். ராஜாளி ஆனது. கயத்தாறுக்கு மட்டும் விமானமும் இல்லை, பந்தயமும் இல்லை.

கே: கைவிட்ட ஓடுபாதையைப் பெயர்த்துவிட்டு உழ முடியாதா? (பூதப்பாண்டி)

ப: சொல்வது சுலபம். கான்கிரீட்டைக் கட்டம் கட்டமாகத்தான் போடுவார்கள். வெயிலில் விரிய இடம்விட்டு, இடுக்கில் தார் ஊற்றுவார்கள். கவனிப்பு நின்றால் தார் காய்ந்து வெடிக்கும். முதலில் புல் வரும், பிறகு வேலிக்காத்தான். கட்டம் மட்டும் அசையாது. அதைப் பெயர்த்தாலும் அடியில் கல்லும் சரளையும் இறுக்கிக் கிடக்கும். அங்கே கலப்பை இறங்காது, கொழுதான் முறியும்.

கே: அப்படியானால் குமரி மாவட்டத்துக்கு விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா? (கொட்டாரம்)

ப: வடமேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே தூத்துக்குடி என்று இரண்டு இருக்கின்றன. போர்க்காலத்தில் அவசரம் என்றார்கள்; இப்போது அந்த அவசரம் இல்லை. வேண்டும் என்கிற தலைவர் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வந்தால், எந்த ஊர் வயல், எந்தக் குளம் என்று சர்வே நம்பரோடு கேளுங்கள். பதில் சொன்னால் பிறகு பேசலாம்.