உள்ளூர் மாடு

வா கண்ணு, இப்புடிக் கயித்துக் கட்டல்ல உக்காரு. மாரியாத்தா நோம்பிக்கு ரெண்டு தடவை போன் போட்டும் வராத பையன், ராவோட ராவா பெங்களூர்ல இருந்து காரை முடுக்கிட்டு வந்து நிக்கற. அப்புச்சி மேல பாசம் பொத்துக்கிச்சுன்னு நம்பறதுக்கு நானென்ன உன்ற கிளையண்டா? எதோ வெசனம் இருக்கு. நாப்பது வருசம் மாட்டு மூஞ்சியப் பாத்தவனுக்கு மனுச மூஞ்சி தெரியாதா? சொல்லு.

ம்... ஓசூருப் பக்கம் ஒரு கம்பெனி. எட்டு வருசமா ஊரூராப் போயி, குடோன்ல சரக்குத் தேங்காம இருக்கறதுக்கு ரோசன சொல்லிட்டு இருந்த ஆள, "இனி எங்கயும் போவாதீங்க, எங்ககூடவே இருந்துருங்க"ன்னு கூப்புடறாங்க. பேருக்குப் பின்னால ஒரு பட்டம், காருக்கு நெழல்ல எடம், மாசமானாச் சம்பளம். போறதா வேண்டாமான்னு உனக்கு ஒறக்கம் புடிக்கல.

செரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கற. உன்ற சோலிக்குப் பேரு கன்சல்டண்டு. என்ற சோலிக்குப் பேரு மாட்டுத் தரகன். உனக்குக் கோட்டு, எனக்குத் துண்டு. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான், கோவிச்சுக்காத.

கண்ணபுரத்துச் சந்தை சித்திரையில கூடும், சின்னப் பையனா இருந்தப்ப உன்னத் தோள்ல தூக்கிட்டுப் போயிருக்கறேன். மாடும் நம்முளுது இல்ல, பணமும் நம்முளுது இல்ல. நடுவால துண்டைப் போட்டு, அதுக்கடியில வெரலப் புடிச்சு வெலை பேசி முடிக்கறது நாம. பல்லப் பாத்து "ஆறு பல்லு"ம்போம், சுழியத் தடவி "குடும்பத்துக்கு ஆவற சுழி"ம்போம். ஆனா ஒரு ரகசியம் சொல்றேன். சந்தைக்கு வர்றதுல பாதிப் பேரு எந்த மாட்டப் புடிக்கறதுன்னு வெடியாலயே முடிவு பண்ணிட்டுத்தான் வருவான். அப்பறம் தரகன் எதுக்கு? நாளைக்கு அந்த மாடு ஒதைச்சுதுன்னா ஊட்டுக்காரிகிட்டச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல? "நானா புடிச்சேன்? அந்தத் தரகன் சொன்னான்."

உங்கூட்டத்துலயும் அதுதான? ஆளக் கொறைக்கறதுன்னு மொதலாளி முன்னாலயே முடிவு பண்ணியிருப்பான். நீ போயி நாப்பது பக்கத்துக்குப் படம் போட்டுக் காட்டோணும். சிரிக்கற பாரு, திருட்டுப் பயலே.

செரி, அந்தக் கடுதாசியக் காட்டு. போன்லயா? எழுத்தப் பெருசு பண்ணு.

வருசத்துக்கு 42 லட்சமா! கழுத்து மணி, கொம்புக் குப்பி, மூக்கணாங்கயிறு, நேத்து வெச்ச பருத்திக்கொட்டை எல்லாத்தையும் மாட்டு வெலையில சேத்துச் சொல்ற யாவாரியாட்டவே எழுதியிருக்கறான். பிரிச்சுப் பாப்பம். "வேரியபிள்"னு 6 லட்சம். கம்பெனி நல்லா ஓடி, நீயும் நல்லா ஓடி, உனக்கு மேல இருக்கறவன் அன்னிக்கு ஊட்டுல சண்டை போடாம வந்திருந்தா அது வரும். அடிப்படைச் சம்பளம் 20 லட்சம், அதுல 12 சதவீதம் கம்பெனி பங்கு பி.எஃப்., 2 லட்சத்து 40 ஆயிரம். உன்ற பணந்தான், ஆனா இப்பக் கைக்கு வராது. கிராஜுவிட்டி 96 ஆயிரம். மாசத்த 26 நாளா வெச்சு, வருசத்துக்கு 15 நாள் சம்பளம். அஞ்சு வருசம் அதே கட்டுத்தரையில நின்னாத்தான் அவுத்துக் குடுப்பான். மிச்சம் 32 லட்சத்து 64 ஆயிரம். மாசத்துக்கு 2 லட்சத்து 72 ஆயிரம். அதுலயும் உன்ற பங்கு பி.எஃப். போவும், வரி போவும்.

என்ன முழிக்கற? பல்லப் புடிச்சு வயசு சொல்றவனுக்கு இதென்ன வித்தையா? உன்ற மாமன் பனியன் கம்பெனிக்குக் கணக்குப் பாக்கற ஆடிட்டரு திருப்பூர்ல இருந்து வந்தா இந்தக் கட்டல்லதான் உக்காருவாப்ல. மோரு குடுத்தே நெம்ப வெசயம் கறந்திருக்கறேன்.

இப்ப உன்ற பக்கம். நாளைக்கு 25 ஆயிரம், வருசத்துல 180 நாளு, ஆக 45 லட்சம். அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கிக் கட்டற, அது சர்க்காரு காசு, கணக்குல சேக்காத. 10 சதவீதம் டி.டி.எஸ். புடிச்சுட்டுத்தான் குடுப்பான். ஆனா உன்ன மாதிரித் தனியாத் தொழில் பண்றவனுக்கு 50 லட்சத்துக்குள்ள வரவுன்னா, அதுல பாதிய வருமானம்னு காட்டி வரி கட்டலாமாமா. சம்பளக்காரனுக்குப் புது வரிமுறையில 75 ஆயிரந்தான் நிலைக்கழிவு. அந்தக் கணக்குல தரகன்தான் கெலிச்சான்.

கெலிச்சவன் மொகம் ஏன் இப்புடி வாடிக் கெடக்குது? 180 நாளு போவ மிச்சம் 185 நாளு என்ன பண்ற? அடுத்த சந்தையத் தேடற. காச்சல்ல படுத்தா அன்னிக்குக் கூலி இல்ல. பில்லுப் போட்டா 45 நாளைக்குள்ள குடுக்கோணும்னு சிறு தொழிலாப் பதிஞ்சவங்களுக்கு 2006லயே சட்டம் போட்டிருக்கறாங்க. நீயும் பதிஞ்சிருக்கற, செரி. ஆறு மாசமா வராத பணத்துக்கு அந்தச் சட்டத்தக் காட்டிக் கேட்டயா? கேக்கமாட்ட. கேட்டா அந்த வாசல்ல அடுத்த சோலி கெடைக்காது. தரகுக்காக வாங்கறவன முறைச்சுக்கிட்ட தரகன நானும் பாத்ததில்ல.

எனக்கும் இப்புடி ஒருக்காக் கூப்பாடு வந்துது கண்ணு. 1978. மில்லு மொதலாளி ஒருத்தரு, பேரு எதுக்கு, பண்ணையில முப்பது உருப்படி வெச்சிருந்தாரு. நான் தரகனாப் போறப்பெல்லாம் திண்ணையில நாற்காலி போடச் சொல்லுவாரு. டம்ளரு வழிய காப்பி. "நீங்க சொன்னாச் செரியா இருக்குமுங்க"ம்பாரு. அந்த நாற்காலியப் பாத்துத்தான் ஏமாந்தேன். "இங்கயே இருந்துருங்க, மாசம் 250 ரூவா, தீவாளிக்கு வேட்டி துண்டு"ன்னாரு. போயிட்டேன்.

மொத மாசம் நாற்காலி இருந்துது. ரெண்டாம் மாசம் திண்ணை மட்டும் இருந்துது. மூணாம் மாசம் வாசல்ல நின்னு கணக்குப்புள்ளைகிட்டச் சொல்லோணும், அவரு உள்ள போயிச் சொல்லுவாரு. நான் சொன்ன ரோசன உள்ள போயிச் சேர்றப்ப அது கணக்குப்புள்ள ரோசனையாயிரும். "இந்தச் செவலைக்கு மடி வீங்குது, கறக்கற ஆள மாத்துங்க"ன்னு பத்து நாளாக் கத்துனேன். காதுலயே போட்டுக்கல. பொள்ளாச்சியில இருந்து ஒரு தரகன் வந்தான். என்ற நாற்காலியில உக்காந்துட்டு அதே வார்த்தையச் சொன்னான். அவனுக்கு 20 ரூவாயும் காப்பியும். அந்தக் காப்பியக் கொண்டாந்து குடுத்தது யாருங்கற? நாந்தான்.

உள்ளூர் மாடு உள்ளூர்ச் சந்தையில வெலை போவாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நீயும் ஓசூருக்குப் போனீன்னா மூணாம் மாசம் உள்ளூர் மாடுதான். உன்ற இதே படத்தப் போட்டுக் காட்டறதுக்கு வெளியில இருந்து இன்னொரு கோட்டுக்காரனக் கூப்புடுவான். அவனுக்கு ஏசி ரூமு எங்கன்னு நீதான் வழி காட்டோணும்.

அப்ப வேண்டாங்கறீங்களா அப்புச்சின்னு கேக்காத. இன்னும் கத முடியல.

அந்தப் பண்ணையில ஒரு மயிலைப் பசு. அத வாங்கிக் குடுத்ததே நாந்தான், முந்தின வருசம் தரகனா இருக்கறப்ப. துண்டுக்கடியில வெரலப் புடிச்சுட்டு, "பச்சப்புள்ள போயிக் கறக்கலாமுங்க"ன்னு சொல்லித்தான் முடிச்சேன். ஒரு நாளு கறவைக்காரன் வரல. நாந்தான் கறக்கோணும். சொம்ப எடுத்துட்டுக் குத்த வெச்சு உக்காந்தேன். மொதப் பீச்சு சொம்புல விழுந்துது. ரெண்டாவது பீச்சுக்குள்ள நான் சாணிக் குழியோரம் கெடந்தேன். சொம்பு தனியா உருண்டு போவுது. இந்த முழங்காலு பாரு, மழை வர்றத இன்னிக்கும் ஒரு நாளு முன்னாலயே சொல்லிப்போடும். "எந்த நாயிடா இந்த மாட்ட வாங்கிக் குடுத்தது"ன்னு கத்தறதுக்கு வாயத் தொறந்தேன். தொறந்த வாயி தானா மூடிக்கிச்சு.

பத்து வருசம் நானூறு ஐநூறு மாடு முடிச்சுக் குடுத்திருந்தேன் கண்ணு. அதுல ஒண்ணக்கூட மறுநா வெடியாலப் பாத்ததில்ல. தரகு வாங்கித் துண்ட ஒதறித் தோள்ல போட்டா அந்த மாடு எனக்கு அன்னியோட முடிஞ்சுது. அது கறந்துதா, ஒதைச்சுதா, தீனி எடுத்துதா, சென புடிச்சுதா, ஒண்ணுந் தெரியாது. தெரியாமத்தான் அவ்வளவு தைரியமாப் பேசிட்டு இருந்திருக்கறேன். மூணு வருசம் அந்தப் பண்ணையில ஒதை வாங்குனதுக்கப்பறந்தான் எனக்கு மாடு தெரிஞ்சுது. திரும்பச் சந்தைக்கு வந்தேன். நாலு பீச்சு கறந்து பாக்காம "நல்ல கறவை"ங்கற வார்த்தை என்ற வாயில வந்ததில்ல. ஆளுக தேடி வந்தாங்க, தரகும் ஏறுச்சு. அஞ்சு வருசம் நிக்கலைன்னு பண்ணையில ஒண்ணுந் தரல. அது போச்சாது போ.

நீ எத்தன கம்பெனிக்கு ரோசன சொல்லியிருப்ப? முப்பத்தி ரெண்டா? அதுல ரெண்டு வருசங் கழிச்சுப் போயி எட்டிப் பாத்தது எத்தன?

ஏன் செருப்பப் பாக்கற?

இந்த ஓசூர்க் கம்பெனியில என்னதான் நோவு, அதச் சொல்லு. "நம்ம குடோன்ல இருபது கோடிச் சரக்கு தேங்கிக் கெடக்கு அப்புச்சி"ங்கற. ஏன் தேங்குச்சு? மொத்தமா வாங்குனா உருப்படிக்கு வெலை கொறையும்னு வாங்கறவன் மலையாட்டக் கொண்டாந்து எறக்கறான், அவனுக்கு அதுல நல்ல பேரு. விக்கறவன் எதுவுந் தட்டுப்படக்கூடாதுன்னு இன்னும் ரெண்டு லோடு கேக்கறான், அவனுக்கு அதுல நல்ல பேரு. பேச்சு வாங்கறது குடோன்காரன். போன வருசம் அதையே படம் போட்டுக் காட்டிக் காசு வாங்கிட்டு வந்துட்ட. இப்ப அந்த நாற்காலியில உன்னையே உக்கார வெச்சா, வாங்கறவன் கைய நிறுத்தற அதிகாரம் உன்கிட்ட இருக்குமா, இல்ல அதே பேச்சு வாங்கற எடத்துல நீ நிப்பயா? அத எழுத்துல கேட்டயா? கேக்கல. காருக்கு நெழல்ல எடம் உண்டான்னு மட்டும் கேட்டிருக்கற.

நெழலுன்னதும் ஒண்ணு நெனப்பு வருது. நம்ம காங்கேயத்துக் கன்னு பொறக்கறப்பச் செவலை. ஆறு மாசத்துல சாம்ப நெறமாவும். காளையா வளந்தா திமிலும் கழுத்தும் கருப்பேறி, பாத்தாலே பயமாட்ட நிக்கும். காயடிச்சு வண்டிக்குப் பழக்குனாக் கருப்பு எறங்கி வெளுத்துப்போவும். வேளைக்குத் தவுடு, தண்ணி, நெழலு, எதுக்குங் கொறையில்ல. நான் மாட்டப் பத்தித்தான் சொல்றேன், நீயேன் காலச் சேத்து வெச்சு உக்கார்ற?

ஆனா நாயமும் பேசோணும். காட்டுல வெளஞ்சத வண்டியில இழுத்து ஊடு கொண்டாந்து சேத்துனது அந்த வெள்ளை எருதுதான். கருப்புக் காளைய நாலு பேரு வந்து போட்டோ புடிச்சுட்டுப் போவாங்க.

அதனால நெழலுக்குன்னு போவறதா இருந்தாப் போவாத. வருசம் ரெண்டு ஆனா அந்த நெழலே புழுங்கும். நீ சொன்ன ரோசன நெசமாவே கறக்குதா, உன்னையே ஒதைக்குதான்னு பாக்கோணும்னு ஆச இருந்தாப் போ. போறதுக்கு முன்னால மூணு கேளு. யாருகிட்ட நேராப் பேசறது, நடுவால கணக்குப்புள்ள எத்தன பேரு? வாங்கறத நிறுத்தறதுக்கு உன்ற கையெழுத்து செல்லுமா? புடிக்காமத் திரும்பறதா இருந்தா எத்தன நாளு கட்டி வெப்பான்? மூணு மாச நோட்டீசா? அத ஒரு மாசமாக்கச் சொல்லு. தலையக் குடுக்கறதுக்கு முன்னாலதான் கயித்து நீளம் பேச முடியும். அப்பறம் ஆறு மாசத்துத் தீனி தனியாப் போர் போட்டு வெச்சுக்க. போர் இருக்கறவனுக்குத்தான் மொதலாளிகிட்ட "இல்லீங்க"ன்னு சொல்ல நாக்கு எழும்பும். சந்தை ஆளுகளையும் மறந்துடாத, நோம்பி நொடிக்குப் போன் போடு.

இப்பக் கையக் குடு. இந்தா, துண்டப் போட்டுட்டேன். போறதுன்னா ரெண்டு வெரலப் புடி, வேண்டாமுன்னா ஒண்ணு.

ரெண்டா? தெரியும். "நம்ம குடோன்"னு சொன்னயே அப்பவே தெரியும். வர்றப்ப அந்தக் கம்பெனி, காப்பி ஆர்றதுக்குள்ள நம்ம குடோன். வெடியாலயே மாட்டப் பாத்து முடிவு பண்ணிட்டு, வெலை பேச என்னக் கூப்புட்டிருக்கற. எட்டு வருசமா எத்தன மொதலாளி உங்கிட்டப் பண்ணுன வேலைய எங்கிட்டயே பண்ணற பாரு.

செரி, தரகு எங்க? சிரிச்சுட்டே எந்திரிக்கற. வெளியூர்த் தரகனா இருந்தா நாளைக்கு 25 ஆயிரம், கூட 18 சதவீதம் சேத்துக் குடுத்திருப்ப. அப்புச்சின்னாச் சிரிப்பு மட்டும்.

போ, போயிச் சாப்புடு. அமுச்சி கேட்டா நீயா முடிவு பண்ணுனதாச் சொல்லு. சொல்லமாட்ட, எனக்குத் தெரியும். நாளைக்கு அது ஒதைச்சா "அப்புச்சிதான் சொன்னாரு"ம்ப.