சராசரியில் ஒரு காலி பெஞ்சு

கனடாவின் ஒன்டாரியோவில் பல ஊர்களில், வீடு கட்ட அனுமதி வாங்கும்போதே நாளைய பள்ளிக்கூடத்தின் நிலத்துக்கும் பணம் கட்டிவிட வேண்டும். கல்வி மேம்பாட்டுக் கட்டணம் என்று பெயர். அந்தப் பணத்தில் மனை வாங்கலாம், மேடு பள்ளம் நிரவலாம். ஒரு செங்கல் வாங்கக் கூடாது. கட்டடத்துக்கு மாகாண அரசு மனம் வைக்க வேண்டும். அதுவரை அங்கே தவறாமல் வருவது புல் மட்டும்தான்.

டொராண்டோ பொதுப் பள்ளி வாரியத்துக்குப் பல ஆண்டுகளாக இந்தக் கட்டணத்தை வசூலிக்கும் வரமும் வாய்க்கவில்லை. நகரம் முழுவதிலும் உள்ள அதன் பள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் இடம் மிச்சமாம்! யங் தெருவோரம் அடுக்குமாடிகள் எழுந்து பக்கத்துப் பள்ளிகள் பிதுங்கினால் என்ன? நகரின் இன்னொரு கோடியில் பெஞ்சு காலியாக இருக்கிறதே. அதே ஊரின் கத்தோலிக்க வாரியத்துக்குக் கணக்கு வேறு விதமாக வந்தது, அது வசூலித்தது.

பொது வாரியம் வேறென்ன செய்யும்? ‘இங்கே குடிவரும் பிள்ளைகள் வேறு பகுதிப் பள்ளிக்குப் போக நேரலாம்’ என்று கட்டுமான மனைகளில் அறிவிப்பு வைக்கச் சொன்னது. பள்ளிக்குக் கிடைக்காத இடம் பலகைக்குக் கிடைத்துவிட்டது.