கம்பியில் கோத்த காகிதம்

எங்கள் வீட்டுக் கூடத்தில், நாட்காட்டிக்குப் பக்கத்து ஆணியில், முனை வளைந்த நீளக் கம்பி ஒன்று தொங்கும். கார்டோ, இன்லண்டோ, மின் கட்டண ரசீதோ, பார்த்து முடித்ததும் நடுவயிற்றில் குத்து வாங்கிக்கொண்டு அதில் ஏறிவிடும். அந்தக் கம்பிதான் அசல் 'ஃபைல்' என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த ஃபைல், அப்பா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும், பச்சை டேக் போட்ட பழுப்பு அட்டை.

ஐ.டி.ஐ.யில் படித்த சித்தப்பாவோ இரும்பு தேய்க்கும் அரத்தை ஃபைல் என்றார். பள்ளி மைதானத்தில் ஒருவர் பின் ஒருவராக நடந்தால் அது 'சிங்கிள் ஃபைல்'. இந்த முடிச்சை வெகுகாலம் கழித்து ஓர் அகராதிதான் அவிழ்த்தது. அரம் மட்டும் வேறு குடும்பம், பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். மற்ற இரண்டும் நூலைக் குறிக்கும் 'ஃபீலும்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த உடன்பிறப்புகள். நூல் பிடித்தாற்போல் நின்றால் வரிசை. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் காகிதங்களைக் கோத்துவைத்த நூலோ கம்பியோ, அதுவும் ஃபைல்.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாமும் ஓலையில் துளையிட்டுக் கயிற்றில் கோத்தவர்கள்தானே! கோத்துவைப்பதால்தானே கோப்பு! புத்தகத்துக்கே நூல் என்று பெயர் வைத்திருக்கிறோம். நன்னூலின் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் காண்கிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே இழையைப் பிடித்திருந்தன.

இன்று பேத்தி, "தாத்தா, ஃபைல் அனுப்பிட்டேன், பாருங்க" என்கிறாள். அதில் துளையில்லை, நூலில்லை, பெயர் மட்டும் மிச்சம். அந்தப் பெயரைத் தட்டினால் கேட்டது மட்டும் வந்து நிற்கிறது. இந்த வயதில் எனக்கு அது பெரிய உதவிதான். ஆனால் கம்பியில் பழையது அடியில் கிடக்கும். மேலிருப்பவற்றை ஒவ்வொன்றாக உருவாமல் அதைத் தொட முடியாது. போன வருஷத்து ரசீதைத் தேடி உட்கார்ந்த அம்மா, பாதி வழியில் அத்தையின் வளைகாப்புக் கடிதத்தில் நின்றுவிடுவாள். ரசீதை மறந்து, அதை எங்களுக்கு இன்னொரு முறை உரக்கப் படிப்பாள். அடுப்பில் குழம்பு வற்றிக்கொண்டிருக்கும்.